சிங்கப்பூரில் பழைய எச்டிபி வீடு: ரெனவேஷனில் போடும் பணம் விற்கும்போது திரும்பி வருமா?

புதுமடத்தான்:
எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். தம்பிக்காகக் கேட்கிறேன். அவனும் அவன் மனைவியும் சிங்கப்பூரில் பிஆர் (நிரந்தரவாசிகள்). இரண்டு பேருக்குமே பிஆர் கிடைத்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. வாடகை கொடுத்து மாளவில்லை என்று ஈசூனில் ஒரு நாலறை எச்டிபி (அரசு வீடமைப்புக் கழக) வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறான். விலை 5,60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சொல்கிறார்கள். ஏழாவது மாடி, மீதிக் குத்தகை 59 வருடம். விற்பவர் நம்ம பக்கத்து ஆள்தான். நீண்ட காலமாக அதே வீட்டில் இருப்பவர், அதனால் வீடு ரொம்பப் பழசாக இருக்கிறது.

ரெனவேஷன்காரர் 85,000 வெள்ளிக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். இரண்டு அறைக்கு நடுச்சுவரை இடித்துப் பெரிய அறை, ஹால் முழுக்க ஃபால்ஸ் சீலிங், சுவருக்குச் சுவர் அலமாரி, திறந்த கிச்சன், புது டைல்ஸ். பத்து வருடம் இருந்துவிட்டு வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிடுவது என்பது அவன் திட்டம். வாப்பா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த 85,000 விற்கும்போது வருமா, வராதா?

உப்பூர் சேது:
85,000 வெள்ளி என்றால் 50 லட்சத்துக்கு மேலே. அந்தக் காசில் ஈசிஆர் ஓரத்தில் இடமே வாங்கிப் போடலாமே அண்ணே. 99 வருடக் குத்தகை வீட்டுக்கு இவ்வளவு செலவா?

தொண்டி கச்சான்:
சேது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு தம்பி ஈசிஆர் ஓரத்து இடத்திலா குடியிருக்க முடியும்? அவர் கேட்டதற்கு வருவோம்.

அந்த 85,000-இல் பெரும்பகுதி வராது. நான் அங்கே ரெனவேஷன் சைட்டில் சூப்பர்வைசராக வேலை பார்த்துவிட்டு வந்தவன். காரணத்தைச் சொல்கிறேன்.

ஊரில் வீடு விற்றால் யாரும் கட்டடத்துக்குப் பெரிதாக விலை போடுவதில்லை. மனை எத்தனை சென்ட், ரோடு எத்தனை அடி, அவ்வளவுதான் பேச்சு. எச்டிபியில் மண்ணே உங்களுக்குச் சொந்தம் இல்லை. மீதிக் குத்தகை, எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு தூரம், எத்தனையாவது மாடி, பரப்பளவு, அதே பிளாக்கில் சமீபத்தில் என்ன விலைக்குப் போனது, இவற்றை வைத்துத்தான் மதிப்பு போடுவார்கள். அலமாரிக்கு என்ன பலகை போட்டீர்கள் என்பது அதில் வராது.

அடுத்ததுதான் முக்கியம். 2014 மார்ச்சிலிருந்து அங்கே முதலில் விலை பேசி ஆப்ஷன் (வாங்கும் உரிமை ஒப்பந்தம்) எழுத வேண்டும், அதற்கப்புறம்தான் எச்டிபியிடம் மதிப்பு கேட்க முடியும். எச்டிபி 5,60,000 என்று மதிப்பு சொல்லி, நீங்கள் 6,00,000-க்குப் பேசியிருந்தால், மிச்சம் 40,000-ஐ வாங்குபவர் ரொக்கமாகக் கொண்டுவர வேண்டும். அதற்கு பேங்க் கடனும் கிடையாது, சிபிஎஃப் சேமநிதியையும் தொட முடியாது. ஆக, ரெனவேஷன் அழகுக்கு விலை கிடைப்பதாக இருந்தால் அது வாங்க வருபவரின் சொந்த ரொக்கத்திலிருந்து மட்டும்தான் வரும். பத்து வருடம் பழகிய கிச்சனுக்கு யார் அப்படி ரொக்கம் எடுத்துத் தருவார்கள்?

ரெனவேஷனை அப்புறம் பார்க்கலாம், அந்த 59 வருடத்தை முதலில் பாருங்கள். தம்பி மனைவிக்கு என்ன வயது?

புதுமடத்தான்:
தம்பிக்கு 36, அவளுக்கு 30. வயதுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் காக்கா?

தொண்டி கச்சான்:
2019 மே மாதம் வந்த விதி. வாங்குபவர்களில் சிபிஎஃப் போடும் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை தாங்க வேண்டும். தாங்கினால் சிபிஎஃப்பை முழு அளவுக்குப் போடலாம். தாங்காவிட்டால் அந்த விகிதத்தில் குறைத்துவிடுவார்கள். 30-உம் 59-உம் சேர்த்தால் 89. ஆறு வருடம் துண்டு விழுகிறது, அதனால் இவர்களுக்கே குறையும்.

இனி பத்து வருடம் கழித்து விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 49 வருடம். அப்போது 30 வயதுப் பிள்ளைகள் வாங்க வந்தால் 79 வயதுவரைதான் குத்தகை வரும். அவர்களுடைய சிபிஎஃப் இன்னும் குறையும், கையிலிருந்து நிறைய ரொக்கம் போட வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இந்த வீட்டை விட்டுவிட்டு வேறு பார்ப்பார்கள். மிச்சம் இருப்பது வயதானவர்களும் ரொக்கக்காரர்களும்தான். இந்தச் சரிவை எந்த ஃபால்ஸ் சீலிங்கும் நிறுத்தாது.

பழைய வீடே கூடாது என்று சொல்லவில்லை. பழைய வீடுகள் அகலமாக இருக்கும், காற்றோட்டம் நன்றாக இருக்கும். வாழ்வதற்கு நல்ல வீடு. ஆனால் அதை வாழ்கிற செலவாக எழுதுங்கள், சேமிப்பாக எழுதாதீர்கள்.

அழகன்குளம் லாத்தா:
நான் டாம்பனிஸில் இருக்கிறேன். கச்சான் காக்கா சொன்னது எல்லாம் சரி, ஆனால் நம்ம ஆட்களுக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது. விற்பவர் நம்ம பக்கத்து ஆள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு உறுத்தியது.

எச்டிபியில் 1989 முதல் இன ஒதுக்கீடு இருக்கிறது. இந்தியர், மற்றவர் என்ற பிரிவுக்கு ஒரு பிளாக்கில் 15 சதவீதம், வட்டாரத்தில் 12 சதவீதம். 2010-இல் வைத்த வரம்பு. அது நிறைந்துவிட்ட பிளாக்கில் சீனர் வீட்டை இந்தியர் வாங்க முடியாது, இந்தியர் வீட்டை இந்தியர் வாங்கலாம். கேட்க வசதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த பிளாக்கில் சீனர் வரம்பு நிறைந்திருந்தால், நாளைக்கு நீங்கள் விற்கும்போது சீனருக்கு விற்க முடியாது, மற்ற இனத்தவரில்தான் ஆள் தேட வேண்டும். சிங்கப்பூரில் அந்தக் கூட்டம் எவ்வளவு சிறியது என்று சொல்ல வேண்டியதில்லை. வாங்கும்போது விலை இளகும், விற்கும்போது நீங்கள் இளக வேண்டும்.

பிஆருக்குத் தனி வரம்பும் உண்டு. மலேசியர் அல்லாத பிஆர் குடும்பங்களுக்கு பிளாக்கில் 8, வட்டாரத்தில் 5 சதவீதம். இரண்டையும் எச்டிபி இணையதளத்தில் பிளாக் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். மாதம் பிறந்ததும் புதுக் கணக்கு வரும். ஆப்ஷன் எழுதும் முன்னால் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஊரில் வீடு யார் பெயரில் இருக்கிறது?

புதுமடத்தான்:
லாத்தா, தம்பி பெயரில் ஒன்றும் இல்லை. அவன் மனைவிக்குப் பனைக்குளத்தில் அவள் வாப்பா கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்த வீடு இருக்கிறது. அது அங்கே எதற்கு வருகிறது?

அழகன்குளம் லாத்தா:
அதைத்தான் பயந்தேன். நம்ம கடற்கரை ஊர்களில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். எச்டிபிக்கு அந்த வழக்கம் எல்லாம் தெரியாது. அவர்கள் கணக்கில் அது வெளிநாட்டில் உள்ள தனியார் வீடு. விண்ணப்பத்தில் சிங்கப்பூர் வீடு, வெளிநாட்டு வீடு இரண்டையுமே சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பர் 30 முதல், தனியார் வீடு வைத்திருப்பவர்கள் அதை விட்டொழித்து 15 மாதம் ஆன பிறகே மானியம் இல்லாத மறுவிற்பனை வீடு வாங்கலாம் என்று விதி இருக்கிறது. மறைத்து எழுதி, பிறகு தெரிந்தால் வீட்டையே எடுத்துக்கொள்ள எச்டிபிக்கு அதிகாரம் உண்டு.

ரெனவேஷன் பேச்சுக்கு முன்னால் இதைத் தீர்க்க வேண்டும்.

புதுமடத்தான்:
இதை எந்த ஏஜென்ட்டும் சொல்லவில்லை. தம்பியிடம் சொன்னேன், முகமே மாறிவிட்டது. பனைக்குளத்து வீட்டை அவள் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறான்.

தொண்டி கச்சான்:
அவசரப்பட்டுப் பத்திரம் எழுத வேண்டாம். அது அந்தப் பெண்ணுடைய சொத்து. சிங்கப்பூரில் வாடகை மிச்சமாகிறது என்பதற்காக அவள் பெயரிலிருந்து வீடு போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் முடிவு செய்யட்டும்.

முதலில் எச்எஃப்இ கடிதத்துக்கு (வீடு வாங்கத் தகுதி உண்டா என்று எச்டிபி தரும் கடிதம்) விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2023 மே முதல் அது இல்லாமல் மறுவிற்பனை வீட்டுக்கு ஆப்ஷன் வாங்கவே முடியாது. அதில் பனைக்குளத்து வீட்டை உள்ளபடி எழுதட்டும். தகுதி உண்டா இல்லையா என்று எச்டிபியே எழுத்தில் சொல்லிவிடும். ஏஜென்ட் வாயால் சொல்வதைக் கேட்டு அட்வான்ஸ் கொடுப்பதெல்லாம் வேண்டாம்.

இரண்டு பேரும் பிஆர் என்பதால் எச்டிபி கடன் கிடையாது, பேங்க் கடன்தான். முத்திரை வரியையும் கணக்கில் வையுங்கள். 5,60,000-க்கு வாங்குபவர் முத்திரை வரி 11,400 வெள்ளி. பிஆருக்கு முதல் வீட்டுக்கே கூடுதல் வரி 5 சதவீதம், அது 28,000. மொத்தம் 39,400. இந்தப் பணம் போனது போனதுதான். இதைப் போட்ட பிறகு 85,000-க்கு அலமாரி செய்ய மனசு வந்தால் செய்யுங்கள்.

ஏர்வாடி முனை:
கச்சான் அண்ணன் ரெனவேஷனை ரொம்பவே மட்டம் தட்டுகிறார். என் அனுபவத்தில் நன்றாகச் செய்த வீடு சீக்கிரம் கைமாறும். இளம் ஜோடிகள் ஃபோட்டோ பார்த்துத்தான் வருகிறார்கள். மாவு பிசைந்த மாதிரி கிடக்கும் கிச்சனைப் பார்த்தால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். கடன் வாங்கிக் குடிவருகிறவனுக்கு மறுபடி 60,000 செலவு செய்யத் தெம்பு இருக்காது. அவனுக்குத் தயார் வீடு ஒரு வரம். அதற்குக் கொஞ்சம் ரொக்கம் கூடக் கொடுக்கத்தான் செய்கிறான்.

தொண்டி கச்சான்:
முனை சொல்வதில் பாதி உண்மை. செய்து இரண்டு மூன்று வருடம் ஆன வீட்டுக்கு அது பொருந்தும். எச்டிபியில் குறைந்தது ஐந்து வருடம் குடியிருந்தால்தான் விற்கவே முடியும், இவரோ பத்து வருடம் என்கிறார். அதற்குள் லேமினேட் ஓரம் உரிந்துவிடும், அந்தக் காலத்து நிறம் பழசாகிவிடும். சுத்தமாக, வெளிச்சமாக, ஒழுகாமல் இருக்கிற வீடு சீக்கிரம் போகும் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. அதற்கு விற்கும் வருடம் ஒரு நல்ல பெயின்ட் போதும்.

நடுச்சுவரை இடிப்பதை மட்டும் நிறுத்துங்கள். நாலறை வீடு என்றால் மூன்று படுக்கையறை. ஒன்றை விழுங்கிவிட்டால், பிள்ளைகள் உள்ள குடும்பம், கூடவே அம்மா அப்பா உள்ள குடும்பம் எல்லாம் பட்டியலைப் பார்த்ததுமே தாண்டிப் போய்விடும். ஏற்கெனவே ஒதுக்கீடும் குத்தகையும் ஆளைக் குறைத்துவிட்டன, நீங்கள் வேறு குறைக்க வேண்டுமா? பர்மிட் இல்லாமல் எந்தச் சுவரையும் தொடக் கூடாது, அதிலும் கான்கிரீட் சுவர் என்றால் பேச்சே இல்லை. முந்தைய ஓனர் அனுமதி இல்லாமல் எதையாவது இடித்து வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். வீட்டோடு அந்தத் தலைவலியும் சேர்ந்து வந்துவிடும்.

மண்டபம் மேஸ்திரி மகன்:
இத்தனை பேசியும் கான்கிரீட்டை யாரும் பார்க்கவில்லை. நான் சிவில். நம்ம கரையில் வீடு கட்டுகிறவர்களுக்கு இது புதிதில்லை. உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் சில வருடத்திலேயே கம்பி துருப்பிடித்து வீங்கும், லிண்டலும் சன்ஷேடும் வெடித்து விழும். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் இன்னும் நிற்பதற்குக் காரணம், அதில் துருப்பிடிக்கக் கம்பியே இல்லை!

சிங்கப்பூரில் 1970, 80-களில் கட்டிய பிளாக்குகளிலும் இதே கூத்து நடக்கும், காரணம் மட்டும் வேறு. காற்றிலுள்ள கரியமில வாயு பல வருடமாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கி, கம்பிக்கு இருந்த காப்பை எடுத்துவிடுகிறது. ஈரம் சேர்ந்தால் துரு. அதனால் பாத்ரூம், கிச்சன் சீலிங்கில்தான் முதலில் தெரியும்.

வீடு பார்க்கப் போகும்போது தம்பி ஒரு டார்ச்சும் ஒரு துடைப்பக் கட்டையும் கொண்டு போகட்டும். டார்ச்சை சீலிங்குக்குச் சாய்வாகப் பிடித்தால் உப்பல் இருக்கும் இடம் நிழல் காட்டும். பழுப்பு நிறக் கோடு கம்பி போகிற திசையிலேயே நேராக ஓடினால் அது துரு. வளையம் வளையமாக இருந்தால் மேல்வீட்டுக் கசிவு. கட்டையால் மெல்லத் தட்டினால் நல்ல இடம் 'டக்' என்று கெட்டியாகச் சொல்லும், பெயர்ந்த இடம் பொக்கென்று கேட்கும். ஓனர் கோபித்துக்கொள்வார், பரவாயில்லை. ஈர இடங்களில் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால் அதில் ஒரு பலகையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறைப்பதற்கென்றே போடுகிறவர்களும் உண்டு.

பெயர்ந்திருந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை. துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பூச்சு அடித்து, பாலிமர் மார்ட்டரால் அடைத்தால் சரியாகிவிடும். மேல்வீட்டுக் கசிவுதான் இழுக்கும், ஏனென்றால் மேலே இருப்பவர் ஒத்துக்கொள்ள வேண்டும். நல்லவேளையாக எச்டிபியில் அதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. ரிப்பேர் செலவில் பாதியை எச்டிபி ஏற்கும், மீதியை மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்குக் கால் பங்கு போடும்.

புது டைல்ஸைப் பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டுவதாக இருந்தால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தரைப்பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பழைய ஓனர் ஏற்கெனவே ஒரு அடுக்கு ஒட்டியிருந்தால் இடமிருக்காது. பாத்ரூமில் மேலே ஒட்டுவதே எனக்குப் பிடிக்காது. பெயர்த்தெடுத்து, புதிதாக வாட்டர்ப்ரூஃபிங் செய்து, தண்ணீர் தேக்கிச் சோதித்த பிறகு டைல்ஸ் போடுங்கள்.

அழகன்குளம் லாத்தா:
மேஸ்திரி மகன் சொன்ன பாத்ரூமைத் தொடும் முன்னால் எச்ஐபி முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். 1997 வரை கட்டிய பிளாக்குகளுக்கு எச்டிபி செய்து கொடுக்கும் சீரமைப்பு அது. பெயர்ந்த கான்கிரீட், பழைய கழிவுநீர்க் குழாய், மின்சாரச் சுமை எல்லாம் அதில் வரும். பிளாக்கில் 75 சதவீதக் குடிமக்கள் வீடுகள் ஓட்டுப் போட்டு ஒத்துக்கொண்டால் நடக்கும். அத்தியாவசிய வேலைகள் குடிமக்களுக்கு இலவசம். பிஆர் குடும்பத்துக்கு என்ன கணக்கு என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் பிளாக்கில் ஒரு குடும்பம் பாத்ரூமை மார்பிள் மாதிரி இழைத்து இழைத்துச் செய்தது. அடுத்த வருடம் எச்ஐபி வந்து குழாய் மாற்றுவதற்காக அந்தச் சுவரை உடைத்தார்கள். எச்ஐபி முடிந்த பிளாக் என்றால் விற்கும்போது அதுவே ஒரு நல்ல பேச்சு.

பினாங்கு பேரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மலேசியாவில் கதை வேறு. இங்கே விற்கும்போது லாபத்துக்கு ஆர்பிஜிடி வரி உண்டு. குடிமகன், பிஆர் என்றால் ஆறாவது வருடத்திலிருந்து கிடையாது. வெளிநாட்டவருக்கு முதல் ஐந்து வருடம் 30 சதவீதம், பிறகு 10. வீட்டின் மதிப்பைக் காக்கவோ கூட்டவோ செய்த செலவை லாபத்திலிருந்து கழிக்கலாம், ஆனால் விற்கும்போது அந்த வேலை வீட்டில் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பில்லும் இருக்க வேண்டும். எங்கள் அப்பா ரிங்கிட் ரிங்கிட்டாக பில் சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். கிச்சனைப் பின்பக்கம் நீட்டினால் நகராட்சி அனுமதியும் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பேங்க் மதிப்பீட்டில் அந்த இடத்தைச் சேர்க்க மாட்டார்கள்.

புதுமடத்தான்:
சிங்கப்பூரில் அப்படி வரி இல்லைதானே? அப்படியானால் விற்ற பணம் முழுதாகக் கைக்கு வருமா காக்கா?

தொண்டி கச்சான்:
லாப வரி இல்லை. ஆனால் முழுதாகக் கைக்கு வராது. பேங்க் கடன் போக, எடுத்த சிபிஎஃப்பை வட்டியோடு திரும்ப வைக்க வேண்டும், வருடம் 2.5 சதவீதம். இன்று 1,50,000 எடுத்தால் பத்து வருடம் கழித்து ஏறக்குறைய 1,92,000 கணக்குக்குப் போகும். மாதத் தவணைக்கு எடுப்பது தனி. அது அவர்கள் சொந்தக் கணக்குதான், பிஆரை விட்டுவிட்டு நிரந்தரமாக ஊர் வரும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் "வீடு விற்ற பணத்தில் ஊரில் உடனே கட்டிவிடலாம்" என்று தேதி குறிக்காதீர்கள்.

ராம்நாடு ஆடிட்டர்:
வாப்பா ஊரிலிருந்து பணம் அனுப்புவதாக இருந்தால் என் பங்குக்கு மூன்று விஷயம். ஒரு நிதியாண்டில் ஒருவர் எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) வழியாக 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். மகனுக்குப் பரிசாகக் கொடுத்தாலும் அதே வரம்புக்குள்தான் வரும். 10 லட்ச ரூபாயைத் தாண்டும் தொகைக்கு பேங்க் 20 சதவீதம் டிசிஎஸ் (முன்கூட்டியே எடுக்கும் வரி) பிடிக்கும். ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை அந்தப் பணம் முடங்கும்.

ஊரில் ஒரு வீட்டை விற்று, அந்த லாபத்தை சிங்கப்பூர் வீட்டில் போட்டால் வரிவிலக்கு கிடைக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், இந்தியாவில் உள்ள வீட்டில் போட்டால்தான் விலக்கு.

தம்பி நிரந்தரமாகத் திரும்பி வந்தாலும் சிங்கப்பூர் வீட்டை விற்றே ஆக வேண்டும் என்று ஃபெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) சொல்லவில்லை. அங்கே குடியிருந்தபோது வாங்கியதை 6(4) பிரிவின்படி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே முழு ரெசிடென்ட் ஆன பிறகு ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். எச்டிபி அதை அனுமதிக்குமா என்பது அவர்கள் விதி, லாத்தாவைக் கேளுங்கள்.

புதுமடத்தான்:
எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ், நன்றி. தம்பியோடு பேசினேன். பிளாக்கைப் போட்டுப் பார்த்தான், லாத்தா சந்தேகப்பட்ட மாதிரியே சீனர் ஒதுக்கீடு நிறைந்துதான் இருக்கிறது. அந்த வீட்டை விட்டுவிட்டான். எச்எஃப்இ-க்கு விண்ணப்பித்துவிட்டு, பனைக்குளத்து வீட்டைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதாக இருக்கிறான். அதுவரை வாடகைதான். அடுத்த வீட்டுக்கு ரெனவேஷன் 30,000-க்கு மேல் போகக் கூடாது என்று வாப்பா சொல்லிவிட்டார். அந்த 30,000-இல் முதலில் எதைச் செய்வது?

மண்டபம் மேஸ்திரி மகன்:
பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங், பிறகு வயரிங். பழைய பிளாக்கில் மெயின் ஸ்விட்ச் 30 ஆம்பியராக இருக்கும், ஏசி போட 40 ஆக்க வேண்டும், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் செய்யலாம். அப்புறம் தண்ணீர்க் குழாய். அப்புறம் ஜன்னல். வெளியே திறக்கிற அலுமினிய ஜன்னல் என்றால் ரிவெட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும் என்று 2004-லேயே சட்டம் வந்துவிட்டது. மாற்றாமல் விட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். மிச்சம் இருந்தால் கிச்சன்.

தொண்டி கச்சான்:
எச்டிபி பட்டியலில் உள்ள கான்ட்ராக்டரா என்று பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள். பணத்தை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுக்கட்டும். பாதிக்கு மேல் முன்பணம் கேட்டால் வேறு ஆளைப் பார்க்கட்டும். குடியிருக்கும் பிளாக்கில் பர்மிட் ஒரு மாதத்துக்குத்தான். சத்தமான வேலை சனி, ஞாயிறு கிடையாது, வார நாளில் 9 முதல் 5 வரைதான். வாடகை வீட்டுக்கு அதற்கேற்ற மாதிரி நோட்டீஸ் கொடுக்கட்டும்.

உப்பூர் சேது:
பனைக்குளத்து வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள்? வாடகைக்கு விடுவதாக இருந்தால் என் மச்சான் ஒருத்தர் தேடிக்கொண்டிருக்கிறார்.

புதுமடத்தான்:
மாமியார் இருக்கிறார் சேது. கேட்டால் துடைப்பக் கட்டையோடு வருவார்.